கட்டியங்காரனும் இருபாற்பட்ட அவையும்

முன்னுரை

சவ்வாது மலைத்தொடரின் வடபால், வேலூருக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் அமைந்தது அமிர்தி. இன்று அவ்வூரின் பெயர் கேட்டோர் நினைவுக்கு வருவன 1967ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்ட விலங்குப் பூங்காவும் காட்டருவியுமே ஆகும். ஆயின், கூத்து ஆராய்ச்சியாளனுக்கு அமிர்தி வேறொரு வகையில் நுழைவாயிலாக அமைகின்றது. அக்காட்டில் தோன்றும் நாகநதி, மலையினின்று இறங்கிக் கமண்டல நதியுடன் கூடி, ஆரணி நகரின் வழியே சென்று செய்யாற்றிற் கலக்கின்றது. அந்நீர் செல்லும் வழியே நாமும் சென்றால், ஆரணி, போளூர், செய்யாறு முதலிய வட்டாரங்களை அடைவோம். தொண்டை நாட்டுக் கூத்து இன்றும் உயிரோடு விளங்கும் நிலம் அதுவே. பங்குனி தொடங்கி ஆடி முடிய, திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுங் காலத்து, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழ்வது இந்நிலத்து வழக்கம்.

அக்கூத்தின் அரசர்களைப் பற்றியும் அவர்தம் அணிகலன்களைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். கட்டியங்காரனைப் பற்றியோ, 'இவன் நகைச்சுவைக்காக வருபவன்' என்று ஒரு வரியில் கூறி அமைவதே பெருவழக்காக உள்ளது. அவன் எத்தகைய மனிதனாக வேடம் புனைகின்றான்? எக்குடியினன்போலப் பேசுகின்றான்? அவன் பேச்சுக்கு அவையோர் அனைவரும் ஒருங்கே நகைக்கின்றனரா? இவ்வினாக்களை எழுப்பி விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டியங்காரனின் நகை, அவையில் முன்னரே உள்ள ஏற்றத்தாழ்வைத் தொட்டு எழுவது. ஆதலின், அவையின் எதிர்வினை இருபாற்படுதல் அந்நகையின் குறையன்று, அதன் இயல்பே என்பது யாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

1. பெயரும் மரபும்

கட்டியம் என்பது அரசர்தம் விருதுப் பெயர்களை அடுக்கி உரத்துக் கூறும் புகழுரை. அதனைக் கூறும் அவைப் பணியாளன் கட்டியங்காரன். பேச்சு வழக்கில் கட்டியக்காரன் என்பதும் உண்டு. அவன் தொழில் பிறர் பெருமையை எடுத்துரைத்தல். தனக்கெனப் பெருமை யாதும் இல்லாமை அவன் நிலை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த ஒருவனை நம் முன்னோர் நகைச்சுவைக்கு உரியவனாகத் தேர்ந்தெடுத்தமை கருதத்தக்கது.

இலக்கியத்திலும் அவனுக்கு இடமுண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், இறைவன் உலா வருவதை முன்னறிவிக்கக் கட்டியக்காரன் வருகின்றான். அங்கு அவன் வெறும் அறிவிப்பாளனே. கூத்திலோ, அறிவித்தலோடு நில்லாது, அறிவிக்கப்பட்டவனையே வினவவுந் தொடங்குகின்றான். அறிவிப்பாளன் வினவுவோனாக மாறிய இம்மாற்றமே கூத்துக் கட்டியங்காரனின் பிறப்பு எனலாம்.

சிலப்பதிகார உரையில் கூத்து வகைகளை விரிக்கும் அடியார்க்கு நல்லார், வேத்தியல் பொதுவியல் என்றும், வசைக்கூத்து புகழ்க்கூத்து என்றும் இணை இணையாகக் கூறுவர். நகைத்திறச் சுவையாகிய விதூடகக் கூத்தையும் அவர் குறிப்பர். வேந்தர்க்கு ஆடுவதும் பொதுமக்களுக்கு ஆடுவதும் வேறு என்னும் உணர்ச்சி பண்டே இருந்தது என்பது இதனால் விளங்கும். கட்டியங்காரனோ இவ்விணைகளுக்குள் அடங்காதவன். அவன் வேந்தன் முன் நின்று பொதுமக்களுக்குப் பேசுகின்றான். புகழ்க்கூத்தின் சொற்களைக் கொண்டே வசைக்கூத்து நிகழ்த்துகின்றான்.

2. வேடமும் மொழியும்

இரவு பத்து மணியளவில் களரியில் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் முழங்கும். கடவுள் வாழ்த்து முடிந்தபின் முதற்கண் வருபவன் கட்டியங்காரன். பிற வேடத்தார் தலையில் முடியும் தோளிற் புயக்கட்டையும் மார்பிற் பதக்கமும் பூண்டு, கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்ன வருவர். கட்டைக்கூத்து என்னும் பெயரே இம்மர அணிகளால் வந்தது. கட்டியங்காரனுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. வண்ணச் சட்டையும் கால்சட்டையும் கூம்பிய குல்லாயும் சிறிது முகப்பூச்சும் அவனுக்குப் போதும். ஏனையோர் வேறோர் உலகினின்று வந்தவர்போற் காட்சியளிக்க, அவன் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவன்போற் காணப்படுகின்றான்.

இருவர் பிடித்த திரைக்குப்பின் நின்று அரசன் தன் பெருமையைப் பாடுவான். கட்டியங்காரன் திரைக்கு வெளியே நின்று, 'நீர் யார், எவ்விடத்தினின்று வருகின்றீர்' என வினவுவான். அரசன் விடை செந்தமிழ்ப் பாட்டாகவும் வசனமாகவும் வரும். கட்டியங்காரன் வினாவோ வடார்க்காட்டுப் பேச்சு மொழியில் அமையும். பின்னர் அவனே அமைச்சனாகவும் வாயிற்காவலனாகவும் தூதனாகவும் பணியாளனாகவும் அவ்வப்போது மாறுகின்றான். எத்துணை முறை மாறினும் ஒன்று மாறுவதில்லை: அவன் எப்பொழுதும் கீழ்நிலையினன், ஏவுவார் ஏவலைக் கேட்பவன்.

இந்நிலை அவனுக்கு வேடமேயன்றி உண்மையன்று என்பதை மறத்தலாகாது. களரியில் எல்லாப் பாத்திரங்களோடும் உரையாட வேண்டியவன் அவன். ஆதலின் நாடகம் முழுவதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். யார் எப்பொழுது வருவர் என்பதைக் கணித்துப் பேச்சை நீட்டவும் சுருக்கவும் வேண்டும். அவையின் சோர்வறிந்து அதனை நீக்கவும் வேண்டும். பேதையாக நடிப்பவனே களரியில் மிகுதியாக அறிந்தவன். அவன் குழுவின் மூத்த கலைஞனாக இருத்தலும் கூடும். தாழ்நிலை அவனுக்குப் பிறப்பால் வந்த இடமன்று. நின்று பேசுவதற்கு அவன் தேர்ந்துகொண்ட மேடை என்க.

வடமொழி நாடகத்து விதூடகனோடு இவனை ஒப்பிடுவது பயனுடைத்து. விதூடகன் அந்தணன், ஆயினும் அவனுக்குரிய மொழி பிராகிருதம். உயர்குடியிற் பிறந்தவன் தாழ்ந்தோர் மொழி பேசுவதால் அங்கு நகை பிறக்கின்றது. அவன் அரசனுக்குத் தோழன். கட்டியங்காரனோ தோழனல்லன், ஏவலாள். தோழன் கூறும் குறையை அரசன் பொறுத்தல் இயல்பு. ஏவலாள் கூறும் குறையைப் பொறுத்தல் இயல்பன்று. கூத்து நடைபெறும் ஓரிரவுக்கு மட்டும் அஃது இசைவாகின்றது. இதனால், கட்டியங்காரன் நகையில் அச்சமும் கலந்தே நிற்கின்றது.

3. எள்ளல் இருவகை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறத்தற்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைக் கூறினார். எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என அதனை இருவகைப்படுத்தினார். இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாகும். ஒரே சொல்லைக் கேட்டு இருவர் நகைக்கும்பொழுது, ஒருவர் எள்ளுவோராகவும் மற்றொருவர் எள்ளப்படுவோராகவும் இருத்தல் கூடும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

விளக்கத்தின் பொருட்டு, கட்டியங்காரன் பேசும் பாங்கில் ஓர் எடுத்துக்காட்டை யாமே அமைத்துக்கொள்வோம். அரசன், 'அடே காவலா! யாம் கொலு வீற்றிருக்க வேண்டும். ஆவன செய்' என்கின்றான். கட்டியங்காரன், 'கொழுவுங்களா மகராசா? அது கொல்லன் பட்டறையில கெடக்குதுங்க. காச்சி அடிச்சதும் எடுத்தாறேனுங்க' என்கின்றான். கொலு என்னும் அரசவைச் சொல்லை ஏர்க்கொழு எனக் கொண்டமையால் நகை பிறக்கின்றது. தொல்காப்பியர் வகுத்தவற்றுள் இது பேதைமையின்பாற்படும்.

பேதைமை யாருடையது? அவையில் அமர்ந்துள்ள ஆசிரியரைக் கேட்டால், 'கொலு என்பதும் அறியாத மூடன்' எனக் கட்டியங்காரனைச் சுட்டுவார். அவர் அரசன் பக்கல் நின்று நகைக்கின்றார். அன்று பகலெல்லாம் ஏர் பிடித்துவிட்டு வந்து அமர்ந்துள்ள உழவனைக் கேட்டால், அவன் நகைத்ததன் காரணம் வேறாகும். நாடாளும் வேந்தனுக்குக் கொழு இன்னதென்றே தெரியவில்லை; அஃது உழவனுக்குத் தெரிகின்றது; கட்டியங்காரனுக்குத் தெரிகின்றது; கொல்லனுக்குத் தெரிகின்றது. ஆகவே அவன் கட்டியங்காரன் பக்கல் நின்று அரசனை நகைக்கின்றான். நகை ஒலி ஒன்றே. அதன் இலக்கு இரண்டு. எழுதிவைத்த ஏட்டைமட்டும் கொண்டு ஆராய்வோர் இந்த இரண்டாவது இலக்கைக் காண்டல் அரிது.

4. அவை ஒன்றன்று

கூத்தைக் காண்போர் களரியின் மூன்று புறத்தும் அமர்வர். ஊர்ப்பெரியோர், கோயில் நிருவாகத்தார், வேளாண் குடியினர், கைத்தொழிலாளர், கூலி வேலை செய்வோர், மகளிர், சிறுவர் என அவை பலவாக அமைந்துள்ளது. நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் ஊரார் அனைவரும் ஓரிடத்தே கூடுகின்றனர். ஆயினும் கூடிய இடத்திலும் யார் முன்னே, யார் பின்னே, யார் நின்று காண்போர் என்பதில் ஊரின் வழக்கம் தோன்றாமற் போவதில்லை.

இத்தகைய அவையில், கூத்துகளில் வழிவழியாக வரும் ஒரு வினாவை எண்ணிப் பார்ப்போம். அரசன் கொலுவில் அமர்ந்து, 'நம் நாட்டில் மாதம் மும்மாரி பெய்கின்றதா' என வினவுவது நாடகத்தார் யாவரும் அறிந்த மரபு. இதற்குக் கட்டியங்காரன் இவ்வாறு விடையிறுப்பதாகக் கொள்வோம்: 'பெய்யுதுங்க மகராசா, தப்பாம பெய்யுது. மலைமேல பெய்யுது, ஆத்துல ஓடுது. எங்க ஏரிக்கு வர்ற வழிதான் அதுக்குத் தெரியல.'

நாகநதி பாயும் நிலம் ஏரிப்பாசன நிலம். ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்கால் தூர்ந்தாலோ, ஒருவரால் அடைத்துப் பயிரிடப்பட்டாலோ, மலையில் மழை பெய்தும் ஏரி வறண்டே கிடக்கும். அவ்வூரில் ஏரியின் கீழ்க் கடைமடையில் நிலமுடையவன் இவ்விடை கேட்டு உரக்க நகைப்பான். வரத்துக்காலை அடைத்தவனும் அவ்வவையிலேயே, ஒருகால் முன்வரிசையிலேயே, அமர்ந்திருத்தல் கூடும். அவன் நகைத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான். நகையாதிருந்தால் இன்னும் மிகுதியாகக் காட்டிக்கொடுத்தவன் ஆவான். ஆகவே அவன் சற்றுத் தாழ்த்து, பிறர் நகைத்தபின் தானும் நகைப்பான். நிலமே இல்லாத கூலியாள் நகைப்பது வேறொரு நகை. ஏரி நிறையினும் நிலம் அவனுடையதன்று. ஏரி வறண்டால் வேலையும் இல்லை. அவன் நகை அரசனையும் நிலமுடையோரையும் ஒருங்கே கடந்து செல்கின்றது. அரசன் வேடமிட்டவனோ அத்தினாபுரத்து வேந்தன் என்னும் நிலையினின்று ஒரு கணம் வழுவி, அவ்வூர் மணியகாரன்போல் ஆகிவிடுகின்றான்.

இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. கட்டியங்காரன் எவரையும் பெயர் சுட்டவில்லை. மழைக்கு வழி தெரியவில்லை என்று மழையின்மேற் குற்றம் ஏற்றினான். சுட்டி ஒருவர் பெயர் கூறாமை அகத்திணைக்கு மட்டும் உரிய நெறியன்று. கட்டியங்காரனுக்கும் அதுவே காப்பு. பெயரைக் கூறாமையால் அவன் தப்புகின்றான்; கூறாமலே யாவரும் உணர்தலால் அவன் சொல் வெல்கின்றது.

இவ்வாறு மேலோரை நேரே தொடாது இடைநின்றோரை எள்ளும் முறைக்குப் பள்ளு நூல்களிற் சான்றுண்டு. முக்கூடற் பள்ளில் பண்ணைக்காரன் நகைப்புக்குரிய வடிவினனாக வருணிக்கப்படுகின்றான். பண்ணையின் உடையவரோ எள்ளலுக்கு அப்பாற்பட்டு நிற்கின்றார். வேலை வாங்கும் இடையாளை நகைத்தல் உழைப்போர்க்கு ஆறுதல். உடையவரைத் தொடாமை நூல் அரங்கேறுதற்கு வழி. கட்டியங்காரன் இவ்வெல்லையை ஓரடி கடந்தவன். அவன் நகையின் இலக்கு அரசனே. அவ்வரசன் பழங்கதையைச் சேர்ந்தவன் என்பதே அவனுக்குரிய புகலிடம்.

5. ஈவோர்க்குரைக்கும் கட்டியம்

கூத்தின் இடையே அவையோர் சிலர் எழுந்து கலைஞர்களுக்குப் பணம் அளிப்பதுண்டு. அளித்தவர் பெயரும் தொகையும் களரியில் அறிவிக்கப்படும். இவ்வறிவிப்பைக் கட்டியங்காரன் செய்யும்பொழுது அவன் பெயரின் முதற்பொருள் மீண்டும் உயிர் பெறுகின்றது. மன்னர் விருது கூற ஏற்பட்டவன், ஐம்பது ரூபாய் அளித்தவர் விருது கூறுகின்றான். 'பாண்டவர் குலதிலகர்' என்று பாடிய அதே குரலில் ஊர்க்காரர் ஒருவரைப் புகழ்கின்றான்.

இப்புகழ்ச்சியை அவை எவ்வாறு ஏற்கின்றது? அளித்தவர் மகிழ்கின்றார், அவர் உறவினர் பெருமிதங் கொள்கின்றனர். புகழ் அளவு கடந்து செல்லச் செல்ல, அவரை நன்கறிந்த பிறர் வாய்க்குள் நகைக்கின்றனர். புகழ்க்கூத்து எந்தச் சொல்லில் வசைக்கூத்தாக மாறியது என்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது. இரவெல்லாம் உழைக்கும் கலைஞர்க்கு இப்பணம் இன்றியமையாதது. ஆகவே கட்டியங்காரன் ஈவோரை இகழவும் முடியாது. வெறும் முகமன் கூறித் தன் கலையை விற்கவும் மனம் ஒருப்படாது. இரண்டுக்கும் நடுவே அவன் கண்ட வழியே மிகைப்புகழ்ச்சி. வறுமை கற்றுத்தந்த அணி இஃது எனின் மிகையாகாது.

6. சில ஒப்புமைகள்

அவை இருபாற்படுதல் இக்கூத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்ட, மூன்று ஒப்புமைகளைச் சுருங்கக் காண்போம்.

முதலாவது, கேரள நாட்டுச் செய்தி. கோயிற் கூத்தம்பலத்தில் சாக்கியார் நிகழ்த்தும் கூத்தில், அவையில் இருப்போரையும் எள்ளும் உரிமை சாக்கியாருக்கு உண்டு. ஆயின் அவ்வவை கோயிலுள் நுழையும் உரிமையுடையோர்க்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பறைசாற்று 1936ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டினரான குஞ்சன் நம்பியார், மிழாவு கொட்டும்பொழுது கண்ணயர்ந்தமைக்காகச் சாக்கியாரால் எள்ளப்பட்டு, மறுநாளே துள்ளலைப் படைத்து ஆடினார் என்பது அந்நாட்டு வழிவழிச் செய்தி. அது வரலாறாயினும் கதையாயினும், அதன் உட்பொருள் தெளிவு. எள்ளப்பட்டவன் அழுதுகொண்டு செல்லவில்லை. எளிய மொழியில் யாவரும் காணத்தக்க வேறோர் அவையைத் தனக்கெனக் கூட்டிக்கொண்டான்.

இரண்டாவது, தென்பாண்டி நாட்டு ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாடகங்களைக் கொண்டு விடிய விடிய நிகழும் அம்மேடையில், கதை தொடங்குமுன் பபூன் தனியே நின்று நெடுநேரம் பேசி நகைப்பூட்டுகின்றான். இக்காலத்து நகரங்களில் 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என வழங்கும் தனிநின்ற நகைப்பேச்சுக்குத் தமிழ் மேடையில் மிக அணித்தாக நிற்பது இதுவே. மதுரைப் பகுதியில் தங்கி இதனை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் சூசன் சைசர், 2005இல் வெளியிட்ட நூலில், மகளிர் ஒருபுறமும் ஆடவர் ஒருபுறமுமாக அமர்ந்த அவையின் முன் பபூன் இடக்கரான செய்திகளை எங்ஙனம் கையாள்கின்றான் என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். அவன் அவற்றைத் தன் சொல்லாகக் கூறாது, பிறன் ஒருவன் சொல்லாகவும், தான் வெட்கத்துடன் கண்ட நிகழ்ச்சியாகவும் கூறித் தன்னை விலக்கிக்கொள்கின்றான். நகைப்பும் வேண்டும், நன்மதிப்பும் வேண்டும் என்னும் இருதலைக்கொள்ளி நிலையை அவர் ஆராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

மூன்றாவது, எம். ஆர். ராதா அவர்களின் மேடை. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, 1954இல் திரைப்படமாகவும் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில், ராதா வெளிநாட்டினின்று திரும்பிய செல்வனாக வருகின்றார். தாயையும் ஊரையும் பழக்கவழக்கங்களையும் ஆங்கிலங் கலந்த செருக்குடன் எள்ளுகின்றார். பின்னர்த் தொழுநோயுற்று இரவலனாகியும் அவர் எள்ளல் நிற்பதில்லை. கதைப்படி அவன் கண்டிக்கத்தக்கவன். ஆயினும் அவன் சொல்லுக்கே அவை கைதட்டியது. ஒழுக்கப் பாடத்துக்காக வந்தோரும், பழமையை எள்ளும் பகுத்தறிவுப் பேச்சுக்காக வந்தோரும் அருகருகே அமர்ந்து வெவ்வேறு நாடகத்தைக் கண்டனர். அவருடைய இராமாயண நாடகத்திற்கோ வெளிப்படையான எதிர்ப்பே எழுந்தது. சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்டமை இச்சூழலிலேயே ஆகும்.

கட்டியங்காரன் கீழிருந்து மேல்நோக்கி எள்ளுகின்றான். ராதா ஏற்ற பாத்திரம் முதற்கண் மேலிருந்து கீழ்நோக்கி எள்ளிப் பின்னர்க் கீழே வீழ்ந்தும் எள்ளுகின்றது. திசை வேறாயினும் உண்மை ஒன்றே: நகைப்போன் எந்நிலையில் நிற்பதாகக் காட்டிக்கொள்கின்றான் என்பதைப் பொறுத்தே அவை அவனைத் தன்னவன் என்றோ பிறன் என்றோ கொள்கின்றது. நகரத்துச் 'ஸ்டாண்ட்-அப்' மேடைக்கும் இவ்விதி பொருந்தும். ஆயின் அங்கே நுழைவுச்சீட்டின் விலை அவையை முன்னரே வடிகட்டிவிடுகின்றது. கடைமடை உழவனும் வரத்துக்காலை அடைத்தவனும் ஒரே களரியில் அமர்ந்து ஒரே சொல்லைக் கேட்கும் நிலை அங்கு அரிது.

7. வேடம் களைந்த பின்

இதுவரை கூறியவற்றால் கட்டியங்காரன் தாழ்நிலையைத் தன் கருவியாகக் கொள்கின்றான் என்பது பெறப்பட்டது. இனி, அக்கருவி அவனையே புண்படுத்துமாற்றை ஆராய்தல் வேண்டும். பொழுது புலர்ந்து முகப்பூச்சைக் கழுவியபின், அரசன் வேடமிட்டவனை எவரும் அரசனாகக் கருதுவதில்லை. ஆனால் கோமாளி வேடமிட்டவனைக் கோமாளியாகவே கருதுவார் பலர். உயர்வு வேடத்தோடு நீங்குகின்றது. இழிவு வேடம் நீங்கியும் நிற்கின்றது. 'கூத்தாடி' என்னும் சொல் நம் பேச்சில் வசையாக வழங்குவதும், 'கூத்தடித்தல்' என்பது பொறுப்பற்ற செயலைக் குறிப்பதும் இவ்விழிவின் அடையாளங்களாம்.

இவ்விழிவு பற்றியே கலையின் பெயரிலும் வழக்கு எழுந்தது. 'தெருக்கூத்து' என்னும் சொல்லிற் தெரு என்பது தாழ்வு குறிப்பதாகக் கலைஞர் சிலர் கருதினர். கலைஞர் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஹன்னா டி புருய்னும் கட்டைக்கூத்து என்னும் பெயரையே வற்புறுத்தினர். 1990இல் காஞ்சிபுரத்தில் தோன்றிய சங்கமும் அப்பெயரையே கொண்டது. 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பயின்றனர். மறுபுறம், செய்யாறு வட்டாரத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் மரபினரும், 1977இல் ந. முத்துசாமி தோற்றுவித்த கூத்துப்பட்டறையும் தெருக்கூத்து என்னும் பெயரையே ஏற்று உலகறியச் செய்தனர். யாது பெயராயினும் இரு சாராரும் வேண்டியது கலைஞர்க்குரிய மதிப்பேயாம்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கலைக்கு மதிப்புத் தேடுவோர் முதலிற் குறைக்க விரும்புவது கட்டியங்காரன் பேச்சை. நகரத்து அரங்கில் ஓரிரவுக் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்குங்கால், ஏட்டில் உள்ள பாட்டும் அடவும் நிற்கும். ஏட்டில் இல்லாத ஊர்ப்பேச்சு நீங்கும். கற்றோர் சிலர் அதனைக் கொச்சையென்றும் இடக்கர் என்றும் கடிந்து, நீங்கியது நன்றே என்பர். அவர் கூற்றில் உண்மை முற்றும் இல்லை என யாம் கூறவில்லை. மகளிரையும், உடற்குறை உடையோரையும், தம்மினும் எளிய குடியினரையும் நகைத்து எளிதிற் கைதட்டல் பெறும் கட்டியங்காரரும் உளர். கீழிருந்து மேல்நோக்கி எள்ளும் உரிமை, தன்னினும் கீழுள்ளாரை எள்ளுதற்கும் பயன்படுமாயின், அஃது அக்கலையின் அறத்தினின்று வழுவியதேயாம். அத்தகைய நகைக்கு அவையில் ஒரு பகுதியினர் முகஞ்சுளித்தல் முறையே.

ஆயின், நகையின் சில வகைகள் தீயன என்பதனால் கட்டியங்காரனையே நீக்குதல், களை மிகுந்தது என்று வயலை விற்பதை ஒக்கும். அவனை நீக்கிய கூத்தில் அரசர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வர். ஊரோடு பேசுவார் எவரும் இரார். கர்ண மோட்சத்தில், பிறப்பறியாதவன் எனக் கணவனைப் பொன்னுருவி இகழும் காட்சியைக் கண்டு கண்ணீர் விடும் அவை, அவ்விகழ்ச்சி தன் ஊரிலும் உண்டு என்பதைக் கட்டியங்காரன் வாயிலாகவே நகைத்துக்கொண்டு உணர்கின்றது. அழுகை கர்ணனுக்கு; நகை தமக்கு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. கட்டியங்காரனின் தாழ்நிலை அவன் புனைந்துகொண்ட வேடம். அவ்வேடமே அவனுக்குப் பேசும் உரிமையைத் தருகின்றது. அவன் சொல்லுக்கு எழும் நகை ஒன்றுபோல் ஒலிப்பினும், கேட்போர் நிலைக்கேற்ப இலக்கு வேறுபடுகின்றது. அவை இருபாற்படுதல் அவன் கலையின் தோல்வியன்று. அவன் சொல் படவேண்டிய இடத்தே பட்டது என்பதற்கு அதுவே சான்று.

இதனால் ஆராய்ச்சியாளர் கடமையும் ஒன்று விளங்குகின்றது. கூத்து ஏடுகளைப் பதிப்பித்தலும் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தலும் வேண்டுவனவே. ஆயின் அவற்றோடு, எச்சொல்லுக்கு யார் நகைத்தனர், யார் தாழ்த்து நகைத்தனர், யார் நகையாதிருந்தனர் என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். கலைஞன் முகத்தை நோக்கிய ஒளிப்படக் கருவி, சிறிது நேரமேனும் அவையின் முகத்தையும் நோக்குதல் வேண்டும். நகையாதிருந்தவர் முகத்தில், ஏட்டில் எழுதப்படாத கூத்தின் பாதி உள்ளது.

அமிர்திக் காட்டில் பெய்யும் மழை நாகநதியாக ஓடிக் கீழுள்ள ஊர்களை அடைகின்றது. ஓர் ஏரி நிறைகின்றது. ஓர் ஏரி வறள்கின்றது. நிறைந்த ஏரியின் கரையில் இருப்போரும் வறண்ட ஏரியின் கரையில் இருப்போரும் ஓரிரவு ஒரு களரியில் கூடி ஒருவன் சொல்லுக்கு நகைக்கின்றனர். விடிந்தபின் அவரவர் ஏரிக்கரைக்கே திரும்புகின்றனர். அவ்வோரிரவில் இரு சாராரும் மற்றவர் நகையைக் கேட்டனர் என்பதே கட்டியங்காரன் ஊருக்குச் செய்த தொண்டாகும்.